கொல்லிமலைப் பள்ளிச் சிறாரும் குடற்புழுத் தொற்றும்: மண்வழிப் பரவல், அளவீடு, தடுப்பு குறித்த விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வெப்பமண்டலப் பகுதிகளின் பள்ளிச் சிறாரிடையே குடற்புழுத் தொற்று நெடுங்காலமாக நிலவி வருகிறது. இந்தியாவில் 2015 முதல் பள்ளிகள் வழியாகவும் அங்கன்வாடிகள் வழியாகவும் குடற்புழு நீக்க மாத்திரை வழங்கப்படுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பழங்குடிப் பகுதிகளில் மேலோங்கி நிற்பது கொக்கிப்புழு ஆகும். அது சிறாரைக் காட்டிலும் வளர்ந்தோரிடம் மிகுந்து காணப்படுவது. தோல் வழியே உடலுக்குள் புகுவது. ஆய்வுக்கூடத்தை அடையும் முன்னரே அதன் முட்டைகள் அழிந்துபடக்கூடியவை. இம்மூன்று இயல்புகளின் காரணமாக, மலைப்பள்ளி ஒன்றில் கணக்கிடப்படும் தொற்று விகிதம் அம்மலையின் உண்மை நிலையைக் குறைத்துக் காட்ட இடமுண்டு. கொல்லிமலையின் நிலவியல்பு, சவ்வாது மலையில் பெறப்பட்ட தரவுகள், இலங்கைத் தோட்டங்களின் வரலாறு ஆகியவற்றைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, கொக்கிப்புழு, பள்ளிச் சிறார், இரத்தசோகை, காட்டோ-காட்ஸ் முறை, அல்பெண்டசோல், மலையாளிப் பழங்குடியினர்.

1. முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தின் வடகிழக்கில் ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பில் கொல்லிமலை அமைந்துள்ளது. சங்க இலக்கியம் இதனை வல்வில் ஓரியின் மலையாக அறியும். கடல்மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தில் வளவந்திநாடு, சேலூர்நாடு, தேவனூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு முதலான 'நாடு'களாக ஊர்கள் பகுக்கப்பட்டுள்ளன. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சமவெளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுற்றுலாப் பயணிக்கு இவ்வளைவுகள் ஒரு காட்சி. மலைப்பள்ளி ஒன்றில் எடுக்கப்பட்ட மல மாதிரியைக் கீழே உள்ள ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு செல்பவருக்கோ அவை முடிவையே மாற்றக்கூடிய கால இடைவெளி. இவ்விடைவெளியின் பொருள் ஆறாம் பகுதியில் விளக்கப்படும்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்கள் மண்வழிப் பரவும் குடற்புழுக்களால் பாதிக்கப்பட்டுள்ளனர். இத்தொற்று உயிரை உடனே பறிப்பதன்று. வகுப்பறையில் சோர்ந்து அமர்ந்திருக்கும் குழந்தை, ஏற்றமான பாதையில் மூச்சிரைக்க நடக்கும் குழந்தை, வயதிற்கேற்ற வளர்ச்சியற்ற குழந்தை ஆகிய வடிவங்களில் அது வெளிப்படுகிறது. இவ்வடையாளங்கள் யாவும் பசி, வறுமை, சோம்பல் என வேறு பெயர்களால் அழைக்கப்பட்டுவிடுவதால் நோய் மறைந்தே நிற்கிறது. எனவே அளவீடு இன்றியமையாததாகிறது. அளவீடு பிழைபடின் இல்லாத நலம் இருப்பதாகப் பதிவாகிவிடும்.

2. மூன்று புழுக்கள், வேறுபட்ட வழிகள்

பேச்சுவழக்கில் 'வயிற்றுப் பூச்சி' என்னும் ஒரு சொல்லே எல்லாப் புழுக்களையும் குறிக்கிறது. நோய்ப்பரவலியல் நோக்கில் இவை ஒன்றல்ல. மண்வழிப் பரவும் முதன்மையான புழுக்கள் மூன்று: உருண்டைப்புழு (அஸ்காரிஸ் லம்பிரிகாய்ட்ஸ்), சாட்டைப்புழு (டிரைக்கூரிஸ் டிரிக்கியூரா), கொக்கிப்புழு (நெக்கேட்டர் அமெரிக்கானஸ், அன்சைலோஸ்டோமா டியோடினேல் என்னும் இரு முதன்மை இனங்கள்).

உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் வாய்வழிப் புகுபவை. மலத்துடன் வெளியேறும் முட்டைகள் மண்ணில் சில வாரங்கள் முதிர்ந்து, அழுக்குப் படிந்த கை, கழுவாத காய்கறி, உணவு ஆகியவற்றின் மூலம் உடலை அடைகின்றன. உருண்டைப்புழுவின் பெண் நாளொன்றுக்கு 2 இலட்சம் முட்டைகள் வரை இடும். தடித்த ஓடுடைய அம்முட்டைகள் தக்க சூழலில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். நெருக்கமான குடியிருப்புகளும் வடிகாலற்ற தெருக்களும் இவற்றிற்கு ஏற்றவை.

கொக்கிப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சி வேறானது. அதன் முட்டை மண்ணில் ஓரிரு நாளில் பொரிந்து, 5 முதல் 10 நாட்களில் தொற்றுநிலை இளவுயிரியாக வளர்கிறது. அவ்விளவுயிரி வெறுங்காலின் தோலைத் துளைத்துக் குருதியோட்டத்தில் கலந்து, நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் தங்குகிறது. இவ்வழி 1898இல் தற்செயலாகவே வெளிப்பட்டது. கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், இளவுயிரிகள் அடங்கிய நீர் தம் கையில் சிந்தியபோது தோல் அரிப்பெடுத்ததையும், பின்னர்த் தம் மலத்தில் கொக்கிப்புழு முட்டைகள் தோன்றியதையும் கண்டு இதனை உணர்ந்தார்.

இவ்வேறுபாட்டினின்று ஒரு நடைமுறை உண்மை பெறப்படுகிறது. கைகழுவுதல் உருண்டைப்புழுவைத் தடுக்கும். நெக்கேட்டர் இனக் கொக்கிப்புழுவை அது தடுப்பதில்லை. சோப்பிட்டுக் கைகழுவக் கற்ற குழந்தை, பள்ளி விட்டுச் செருப்பின்றித் தோட்டத்திற்குச் செல்லுமாயின் அக்கல்வி அதன் காலைக் காக்காது.

குடலில் வாழும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணிகளான ஜியார்டியா, எண்டமீபா ஆகியன மற்றொரு வகையைச் சார்ந்தவை. இவற்றின் உறைநிலை நீர்வழிப் பரவுகிறது. ஓடை நீரையும் ஊற்று நீரையும் காய்ச்சாது பருகும் மலையூர்களில் இவை கவனத்திற்குரியவை. பள்ளிகளில் வழங்கப்படும் ஒற்றை வேளை அல்பெண்டசோல் மாத்திரை இவற்றைப் போக்காது. 'மாத்திரை கொடுத்தும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை' என்னும் பெற்றோரின் குறையில் பல நேரங்களில் மருந்தின் தோல்வி இல்லை. நோய்க்காரணி வேறாக இருப்பதே அதன் பொருள்.

3. கொல்லிமலையின் மண்ணும் நிழலும்

கொக்கிப்புழுவின் இளவுயிரிக்கு வேண்டுவன நான்கு: மிதமான வெப்பம், ஈரம், நிழல், காற்றோட்டமுள்ள மண். நேரடி வெயிலும் வறட்சியும் அதனை விரைவில் அழிக்கும். கடுங்குளிர் அதன் வளர்ச்சியைத் தடுக்கும்.

கொல்லிமலையின் வேளாண்மையை இந்நோக்கில் காண்பது பயனுடைத்து. மிளகும் காப்பியும் சில்வர் ஓக் முதலிய மரங்களின் நிழலில் வளர்க்கப்படுகின்றன. வாழை, பலா, அன்னாசி ஆகியன உடன் விளைகின்றன. உதிர்ந்த இலைகள் மட்கி, மழைக்காலத்தில் தரை நெடுநாள் ஈரம் காக்கிறது. திறந்த வெளியில் மலங்கழிக்க நேர்வோர் மறைவான இடத்தையே நாடுவர். மறைவான இடம் பெரும்பாலும் நிழலான இடமாகவும் அமைகிறது. மனிதரின் நாணம் தேர்ந்தெடுக்கும் இடமும் இளவுயிரி தழைக்கும் இடமும் இவ்வாறு ஒன்றாகிவிடுகின்றன. அதே தோட்டத்தில்தான் மிளகு பறிப்பும் காப்பிப்பழம் பறிப்பும் களையெடுப்பும் நிகழ்கின்றன.

பயிர் மாற்றமும் இங்குக் கருதத்தக்கது. சாமை, தினை, கேழ்வரகு ஆகிய சிறுதானியங்கள் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி, சேலம், நாமக்கல் பகுதிகளின் சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளிக்கு மாறியுள்ளது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானிய மீட்புக்காக நெடுங்காலம் உழைத்தமைக்கு இம்மாற்றமே பின்னணி. மாவுச்சத்து மிக்க மரவள்ளி இரும்புச்சத்தில் எளியது. ஒருபுறம் புழு குருதியை உறிஞ்ச, மறுபுறம் உணவு அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாதபோது, இரத்தசோகைக்கு இரு வாயில்கள் ஒருங்கே திறக்கின்றன.

உயரமும் ஒரு காரணி. மேட்டுநிலத்தின் குளிர்ந்த ஊர்களும் வெப்பமான அடிவார ஊர்களும் இளவுயிரியின் வளர்ச்சிக்கு ஒரே அளவில் ஏற்றவை அல்ல. ஆகவே கொல்லிமலை முழுமைக்கும் ஒரே விகிதம் கூறுவது பொருந்தாது. ஊர்தோறும், உயரந்தோறும், பருவந்தோறும் பிரித்துக் காண்பதே முறை.

4. சவ்வாது மலை தரும் சான்று

கொல்லிமலையோடு ஒப்பிடத் தகுந்தது சவ்வாது மலை. அதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தது. அங்கு வாழ்வோரும் பெரும்பான்மையாக மலையாளிப் பழங்குடியினரே. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அங்கு மேற்கொண்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில், அனைத்து வயதினரையும் உள்ளடக்கிய மண்வழிக் குடற்புழுத் தொற்று 39 விழுக்காடாக இருந்தது. அதனைப் புழுவகையால் பிரித்தபோது கொக்கிப்புழு 38 விழுக்காடு, உருண்டைப்புழு 1.5 விழுக்காடு, சாட்டைப்புழு 0.3 விழுக்காடு எனப் புலப்பட்டது. அம்மலையின் குடற்புழுச் சிக்கல் என்பது ஏறத்தாழ முழுவதுமாகக் கொக்கிப்புழுச் சிக்கலே என்பது இதனால் தெளிவாகிறது.

இதனுடன், அதே கல்லூரியைச் சார்ந்தோர் வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிச் சிறாரிடையே நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வை ஒப்பிடலாம். அதில் மொத்தத் தொற்று 7.8 விழுக்காடு, ஆனால் பள்ளிக்குப் பள்ளி அது 0 முதல் 20.4 விழுக்காடு வரை வேறுபட்டது. இவ்விரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. முன்னது ஒரு மலைவாழ் சமூகம் முழுவதையும் அளந்தது. பின்னது பள்ளிச் சிறாரை மட்டும் அளந்தது. மாவட்டச் சராசரி ஒரு பள்ளியின் நிலையைக் காட்டாது. பள்ளியின் நிலை அவ்வூரின் நிலையைக் காட்டாது.

வயதின் பங்கு இங்கு முதன்மையானது. உருண்டைப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றின் செறிவு பள்ளி வயதில் உச்சமடைந்து பின் தணிகிறது. கொக்கிப்புழுவின் தொற்றோ வயதோடு உயர்ந்து வளர்ந்தோரிடம் மேலோங்கி நிற்கிறது. மண்ணில் உழைக்கும் ஆண்டுகள் கூடுந்தோறும் தொற்றும் கூடுகிறது. எனவே ஒரு மலைப்பள்ளியில் பத்தில் ஒரு குழந்தைக்குக் கொக்கிப்புழு காணப்படின், அக்குழந்தையின் பெற்றோரிடம் அவ்விகிதம் அதனினும் உயர்ந்திருக்கக்கூடும். குழந்தையிடம் காணப்படும் புழு குடும்பத்தின் நிலத்திலிருந்து வந்தது. குடும்பத்தின் நிலத்திற்கே அதன் முட்டைகளும் திரும்புகின்றன.

மேலும் ஒரு சான்று குறிப்பிடத்தக்கது. சவ்வாது மலைப் பழங்குடிச் சிறாரின் மாதிரிகளை மரபணு முறையில் ஆய்ந்தபோது, நாய், பூனை ஆகியவற்றின் குடலில் வாழும் அன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்னும் கொக்கிப்புழு இனம் சிலரிடம் கண்டறியப்பட்டது. இம்முடிவு 2015இல் வெளியானது. நுண்ணோக்கியில் இவ்வினத்தின் முட்டையும் பிற கொக்கிப்புழு முட்டைகளும் ஒன்றுபோலவே தோன்றும். வீட்டுக்கு வீடு நாய் வளர்க்கும் மலையூர்களில் மனிதருக்கு மட்டும் மருந்தளிப்பது எந்த அளவு போதுமானது என்னும் வினாவை இச்சான்று எழுப்புகிறது.

5. குருதியிழப்பின் கணக்கு

கொக்கிப்புழு சிறுகுடற் சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சுகிறது. நெக்கேட்டர் இனப் புழு ஒன்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் குருதியும், அன்சைலோஸ்டோமா டியோடினேல் இனப் புழு ஒன்றால் அதனினும் ஐந்து மடங்கு அல்லது அதற்கு மேலும் இழப்பு நேர்கிறது. தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படுவது நெக்கேட்டர் இனமே.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இவ்விழப்பின் தன்மையைத் தெளிவாக்கும். ஒரு குழந்தையின் குடலில் நெக்கேட்டர் புழுக்கள் 50 உள்ளன எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 1.5 மில்லிலிட்டர் குருதி இழக்கப்படும். ஹீமோகுளோபின் அளவு 100 மில்லிலிட்டருக்கு 11.5 கிராம் எனின், அவ்விழப்பில் அடங்கிய இரும்புச்சத்து ஏறத்தாழ 0.6 மில்லிகிராம். அதில் ஒரு பகுதி குடலாலேயே மீண்டும் உறிஞ்சப்படும். எனினும் பள்ளி வயதுக் குழந்தையின் உடல் நாள்தோறும் உறிஞ்சிக்கொள்ள வேண்டிய இரும்புச்சத்து மொத்தமே ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான். தானியத்தை அடிப்படையாகக் கொண்ட உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படும் வீதமும் குறைவு. இந்நிலையில் கடன் நாள்தோறும் பெருகி, உடலின் சேமிப்பு கரைந்து, குழந்தை இரத்தசோகையை அடைகிறது.

இக்கணக்கின் அடுத்த படி இன்னும் கருத்திற்குரியது. 50 புழுக்களில் 25 பெண் எனவும், ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 7000 முட்டைகள் இடுவதாகவும், குழந்தையின் மலம் 175 கிராம் எனவும் கொண்டால், ஒரு கிராம் மலத்தில் 1000 முட்டைகள் இருக்கும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் பகுப்பில் கொக்கிப்புழுவுக்குக் கிராமுக்கு 1 முதல் 1999 முட்டைகள் வரை 'இலேசான' தொற்று. 2000 முதல் 3999 வரை 'மிதமான' தொற்று. 4000 முதல் 'கடுமையான' தொற்று. ஆக, இரும்புத் தேவையின் பாதியளவுக்கு இழப்பை உண்டாக்கவல்ல தொற்றும் 'இலேசானது' என்னும் பெயரையே பெறுகிறது. நல்ல ஊட்டமுள்ள குழந்தைக்கு இப்பெயர் பொருந்தலாம். மரவள்ளியும் அரிசியும் முதன்மை உணவாகக் கொண்ட குழந்தைக்கு இலேசான தொற்றும் இலேசானதன்று.

இரத்தசோகைக்குக் குடற்புழு மட்டுமே காரணமன்று என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். உணவுக் குறைபாடு, பிற தொற்றுகள், பழங்குடிகளிடையே காணப்படும் மரபுவழி ஹீமோகுளோபின் குறைபாடுகள் ஆகியனவும் பங்கு வகிக்கின்றன. 2016-18 காலத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், இந்திய அளவில் 5 முதல் 9 வயதுச் சிறாரில் 24 விழுக்காட்டினரும் 10 முதல் 19 வயதினரில் 28 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையோராகக் கண்டறியப்பட்டனர்.

6. கண்ணாடித் தகட்டில் மறையும் முட்டைகள்

குடற்புழு ஆய்வுகளில் பெரிதும் பயன்படுவது காட்டோ-காட்ஸ் முறை. இம்முறையில் 41.7 மில்லிகிராம் மலம் ஒரு துளையச்சின் வழியே அளந்தெடுக்கப்பட்டுக் கண்ணாடித் தகட்டில் வைக்கப்படுகிறது. கிளிசரினில் ஊறிய மெல்லிய தாளால் அது மூடப்படுகிறது. நுண்ணோக்கியில் எண்ணப்படும் முட்டைகளை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான எண்ணிக்கை கிடைக்கும். எளிமையும் சிக்கனமும் இதன் நிறைகள்.

ஆயினும் கொக்கிப்புழுவைப் பொறுத்தவரை இம்முறைக்கு இரு பெருங்குறைகள் உள்ளன. முதலாவது, கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது. கிளிசரின் அதனைத் தெளிவாக்கி இறுதியில் கண்ணுக்குப் புலப்படாமலே செய்துவிடும். ஆகவே தகடு ஆயத்தமான 30 முதல் 60 நிமிடங்களுக்குள் எண்ணி முடிக்க வேண்டும். உருண்டைப்புழு முட்டைக்கு இவ்வவசரம் இல்லை. இரண்டாவது, தகடு ஆயத்தமாகும் முன்னரே, மல மாதிரி வெப்பத்தில் காத்திருக்கும் சில மணி நேரத்தில் கொக்கிப்புழு முட்டைகள் சிதையவோ பொரியவோ தொடங்குகின்றன. எண்ணிக்கை கணிசமாகக் குறைகிறது.

முந்தைய எடுத்துக்காட்டில் கிராமுக்கு 1000 முட்டைகள் உள்ள குழந்தையின் தகட்டில் ஏறத்தாழ 42 முட்டைகள் தென்படும். தாமதத்தால் பாதி அழிந்தாலும் தொற்று இருப்பது தெரிந்துவிடும். ஐந்து பெண் புழுக்கள் மட்டுமே உள்ள குழந்தையின் தகட்டில் 8 முட்டைகளே இருக்கும். ஒரே ஒரு பெண் புழு உள்ள குழந்தையின் தகட்டில் ஒன்றோ இரண்டோதான். அவை அழிந்தால் அக்குழந்தை 'தொற்றற்றவர்' எனப் பதிவாகும்.

இவ்விடத்தில்தான் 70 கொண்டை ஊசி வளைவுகள் நோய்ப்பரவலியலுக்குள் நுழைகின்றன. காலையில் ஒரு மலைப்பள்ளியில் திரட்டப்படும் மாதிரிகள் ஊர் ஊராகச் சேர்க்கப்பட்டு, வளைவுகளில் இறங்கி, சமவெளி ஆய்வுக்கூடத்தை அடைந்து, மாலையிலோ மறுநாளோ எண்ணப்படுமாயின், இழப்பு எல்லாப் புழுக்களுக்கும் சமமாக நேர்வதில்லை. தடித்த ஓடுடைய உருண்டைப்புழு முட்டை பயணத்தைத் தாங்கும். கொக்கிப்புழு முட்டை தாங்காது. எண்ணிக்கை குறைவதோடு புழுவகைகளின் விகிதமும் திரிந்துவிடுகிறது. கொக்கிப்புழு மிகுந்த மலையொன்று உருண்டைப்புழு மிகுந்த ஊர்போலத் தோற்றமளிக்கும். அத்தோற்றத்தை நம்பிக் கைகழுவும் பயிற்சி மட்டும் வகுக்கப்படும். காலணியும் கழிப்பறையும் பின்தள்ளப்படும்.

7. மாத்திரை செய்வதும் செய்யாததும்

தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. முதற்கட்டத்திலேயே தமிழ்நாடு இடம்பெற்றது. 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு ஆண்டுக்கு இருமுறை அல்பெண்டசோல் வழங்கப்படுகிறது: ஒன்று முதல் இரண்டு வயது வரை 200 மில்லிகிராம், அதற்கு மேல் 400 மில்லிகிராம். அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கருவுற்றோரும் பாலூட்டுவோரும் நீங்கலாக 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். பரந்த பாதுகாப்பும் குறைந்த செலவும் எளிய வழங்கல் முறையும் உடைய இத்திட்டம் பொதுநலத் துறையின் பயன்மிகு முயற்சிகளுள் ஒன்று.

எனினும் மருந்தின் ஆற்றல் புழுவுக்குப் புழு வேறுபடுகிறது. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, ஒற்றை வேளை அல்பெண்டசோலால் குணமடையும் வீதம் உருண்டைப்புழுவில் ஏறத்தாழ 96 விழுக்காடு, கொக்கிப்புழுவில் ஏறத்தாழ 80 விழுக்காடு, சாட்டைப்புழுவில் ஏறத்தாழ 31 விழுக்காடு. குணமடைந்த குழந்தைக்கும் மறுதொற்றினின்று பாதுகாப்பு இல்லை. மருந்து உடலிலுள்ள புழுவை நீக்குகிறது. மண்ணிலுள்ள இளவுயிரியைத் தொடுவதில்லை. விடுமுறைக்கு வீடு திரும்பும் உண்டு உறைவிடப் பள்ளி மாணவரின் நிலையைக் கருதினால் இது எளிதில் விளங்கும். விடுதியில் மாத்திரையும் கழிப்பறையும் கிட்டுகின்றன. வீட்டிலோ, மாத்திரை பெறாத பெரியவர்கள் உழைக்கும் அதே தோட்டத்தில் அவர்களும் நடக்கின்றனர்.

பொதுமுறைக் குடற்புழு நீக்கத்தின் பயன் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. கென்யாவின் புசியா பகுதியில் நிகழ்ந்து 2004இல் வெளியான மிகுவல், கிரேமர் ஆகியோரின் ஆய்வு, பள்ளி வருகை உயர்ந்ததாகக் கூறியது. உத்தரப்பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறு குழந்தைகளிடையே நடைபெற்று 2013இல் வெளியான 'தேவ்தா' ஆய்வில், குழந்தை இறப்பிலோ எடையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. காக்ரேன் தொகுப்பாய்வுகளும் சராசரி எடை, ஹீமோகுளோபின், கல்வித்திறன் ஆகியவற்றில் பயன் சிறிதே அல்லது இல்லை என்றே மதிப்பிட்டன. இம்முடிவுகளை மலைப்பகுதிகளுக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும். தொற்று குறைந்த இடங்களில் புழுவற்ற பலருக்கும் மருந்தளித்துப் பெறும் சராசரி, கொக்கிப்புழு மிகுந்த ஓரூரில் இரத்தசோகையுற்ற குழந்தை அடையும் நன்மையை மறைத்துவிடக்கூடும். மாத்திரையை நிறுத்துதற்கான வாதமாக இதனைக் கொள்ளாது, எங்கு எவருக்கு வேண்டும் என நுணுகிக் காண்பதற்கான வாதமாகவே கொள்ள வேண்டும்.

இந்நோக்கிலேயே 'டிவார்ம்3' என்னும் பன்னாட்டு ஆய்வு 2017இல் தொடங்கப்பட்டது. பெனின், மலாவி ஆகிய நாடுகளோடு தமிழ்நாட்டின் திமிரி, சவ்வாது மலைப் பகுதிகளும் அதன் களங்கள். பள்ளி வயதினருக்கு மட்டும் மருந்தளிக்கும் வழக்கமான முறையும், ஊரார் அனைவருக்கும் மூன்றாண்டுகள் ஆண்டுக்கு இருமுறை மருந்தளிக்கும் முறையும் அதில் ஒப்பிடப்பட்டன. குழந்தையைக் காக்க ஊரையே கருத வேண்டுமா என்னும் வினா அறிவியல் ஆய்வாக மாறியது இவ்வாறே.

8. இலங்கைத் தோட்டங்களின் முன்னனுபவம்

இவ்வினா புதியதன்று. 1916இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை இலங்கையின் பெருந்தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மருந்துண்டோரில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளர். வேலை செய்யும் உடல்வலு குன்றாமல் இருப்பது தோட்ட உரிமையாளரின் நலனாகவும் இருந்தது. கீனோப்போடியம் எண்ணெய் முதலிய மருந்துகள் கூட்டங்கூட்டமாக அளிக்கப்பட்டன. புழுக்கள் நீங்கின, ஆனால் கழிப்பறைகள் போதாமையால் மக்கள் மீண்டும் மீண்டும் தொற்றுக்கு உள்ளாயினர். மருந்து மட்டும் போதாது என்னும் பட்டறிவு, தூய்மை, குடிநீர், தாய்சேய் நலம், நோய்த்தடுப்பு ஆகியவற்றை ஒருங்கிணைத்த நலவாழ்வு அலகுகளுக்கு வழிவகுத்தது. அவற்றுள் முதலாவது 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்டது.

நூறாண்டுக்கு முன் தமிழ்த் தொழிலாளரின் உடல்வழிக் கற்கப்பட்ட பாடம் இது. மருந்து மாறியுள்ளது, அல்பெண்டசோல் பழைய மருந்துகளினும் பாதுகாப்பானது. மண்ணுக்கும் காலுக்கும் உள்ள உறவு மாறவில்லை.

9. மலைப்பள்ளி ஆய்வுக்கான நெறிகள்

மேற்கூறியவற்றினின்று கொல்லிமலை போன்ற இடங்களில் ஆய்வு மேற்கொள்வோர் கருதத்தக்க நெறிகள் சில பெறப்படுகின்றன.

முதலாவது, மாதிரியை நுண்ணோக்கியிடம் கொண்டு செல்வதினும் நுண்ணோக்கியை மாதிரியிடம் கொண்டு செல்வதே தக்கது. பள்ளி வளாகத்திலோ அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ தகடுகளை ஆயத்தம் செய்து அங்கேயே எண்ண வேண்டும். மாதிரி பெறப்பட்ட நேரமும் எண்ணப்பட்ட நேரமும் முடிவுகளோடு பதிவு செய்யப்பட வேண்டும்.

இரண்டாவது, ஒருநாள் மாதிரி போதாது. முட்டை வெளியேற்றம் நாளுக்கு நாள் மாறுவதால் இரு நாள் மாதிரிகளும் ஒவ்வொன்றிற்கும் இரு தகடுகளும் வேண்டும்.

மூன்றாவது, தேர்ந்தெடுக்கப்பட்ட சிறாரின் குடும்பத்தினரையும் ஆய்வில் சேர்க்க வேண்டும். கொக்கிப்புழுவின் இருப்பிடம் வகுப்பறையன்று.

நான்காவது, மாத்திரை வழங்கப்பட்ட நாளுக்கும் மாதிரி எடுக்கப்பட்ட நாளுக்கும் இடைப்பட்ட காலத்தையும் பருவத்தையும் குறிக்க வேண்டும். மாத்திரைக்குப் பின் மூன்றாம் வாரத்தில் எடுத்த அளவும், வடகிழக்குப் பருவமழை முடிந்த பின் எடுத்த அளவும் ஒப்பிடத்தக்கவை அல்ல. தோலில் புகுந்த இளவுயிரி முட்டையிடும் புழுவாக முதிர ஏறத்தாழ ஐந்து முதல் ஒன்பது வாரங்கள் ஆகும் என்பதால், மழைக்காலத் தொற்று அதன் பின்னரே மலத்தில் வெளிப்படும்.

ஐந்தாவது, தொற்று விகிதத்தோடு தொற்றுச் செறிவும் ஹீமோகுளோபின் அளவும் அளக்கப்பட வேண்டும். 'எத்தனைக் குழந்தைகளுக்குப் புழு உள்ளது' என்பதோடு 'அப்புழுவால் அக்குழந்தை எவ்வளவு இழக்கிறது' என்பதற்கும் விடை வேண்டும்.

ஆறாவது, அறநெறி. பெற்றோரின் இசைவும் குழந்தையின் ஒப்புதலும் அவர்தம் மொழிவழக்கில் பெறப்பட வேண்டும். தொற்றுள்ளோருக்குச் சிகிச்சை உறுதி செய்யப்பட வேண்டும். முடிவுகள் ஊராருக்கு எடுத்துரைக்கப்பட வேண்டும். ஆய்வு அறிக்கைகளில் 'சுகாதார அறிவின்மை' என்னும் தொடர் பழங்குடிச் சிறார்மீது எளிதாகச் சுமத்தப்படுகிறது. நீர் வராத கழிப்பறையைப் பயன்படுத்தாமை அறியாமை அன்று. பாறை நிலத்தில் குழி தோண்டும் செலவும், மேட்டுக்கு நீர் சுமக்கும் உழைப்பும் கணக்கிடப்படாத வரை, அறியாமை என்னும் சொல் ஆய்வின் குறையையே காட்டும்.

10. முடிவுரை

கொல்லிமலைப் பள்ளிச் சிறாரின் குடற்புழுத் தொற்றைப் புரிந்துகொள்ள மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும்: எந்தப் புழு, எவரிடமிருந்து, எந்நேரத்தில் எண்ணப்பட்டது. சவ்வாது மலையின் தரவுகள் முதல் வினாவுக்குக் கொக்கிப்புழு என்னும் விடையைச் சுட்டுகின்றன. அப்புழுவின் வயதுப் பரவல், இரண்டாம் வினாவுக்கு விடை குடும்பத்திலும் தோட்டத்திலும் உள்ளது எனக் காட்டுகிறது. முட்டையின் மெல்லோடு மூன்றாம் வினாவை ஆய்வு நேர்மையின் அளவுகோலாக்குகிறது.

2030க்குள் மிதமான, கடுமையான தொற்றை 2 விழுக்காட்டிற்கும் கீழே குறைப்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் இலக்கு. அவ்விலக்கை எட்டியதாக ஒரு மலைப்பகுதி அறிவிக்கப்படும் முன், அங்குள்ள தகடுகள் எத்தனை மணிக்கு எண்ணப்பட்டன என்று வினவுவது தேவை. மாத்திரை, இரும்புச்சத்து, காலணி, நீர்வசதியுள்ள கழிப்பறை, சிறுதானிய உணவு ஆகிய ஐந்தும் ஒருங்கிணையும்போதே மாத்திரையால் நீங்கிய புழு மீண்டும் அக்குழந்தையின் காலை வந்தடையாது.